அளவுக்கு ஓர் ஆள்

மரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசுவது அழகுக்காக என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வெயிலில் பட்டை வெடிக்காமல் இருக்கவும், கரையான் ஏறினால் சட்டென்று கண்ணில் படவும் பூசுவது. என் வலைப்பூவில் நான் முதலில் எழுதியதே இதைப் பற்றித்தான். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அந்தப் பதில்களை ஒருவராவது இரண்டாம் முறை படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதில்லை. வீட்டிலும் நிலைமை அதுதான். நான் வாயைத் திறந்தால் என் மனைவிக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துபோகும். மரம் செடி என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பைத்தியம். ஒருநாள் எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் உள்ள கூட்டணியை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, என் தலைதான் கெடச்சுதா? எங்கயாவது எழுதித் தொலைங்களேன்" என்றாள்.

எழுதினேன். எழுதுவதால் வரும் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தது. மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அலுவலகத்தில் எரிந்து விழுவது நின்றது. முகம் தெரியாத ஊரில் யாரோ ஒருவர் தன் எலுமிச்சை மரத்தின் இலை ஏன் சுருள்கிறது என்று என்னைக் கேட்டார். என்னை. அன்று காலையில் நான் அலுவலகத்துக்கு நடந்துபோன நடையே வேறு.

ஒரே சங்கடம், என் கொல்லையில் மரம் கிடையாது. வாடகை வீடு. வீட்டுக்காரர் பின்புறம் முழுக்கச் சிமெண்ட் பூசி வைத்திருந்தார். மரம் இருந்தது பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு. பெரிய மாமரம். அவர் வீட்டைப் பார்த்து லேசாகச் சாய்ந்தபடி வளர்ந்தது. இரண்டு கொல்லைக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்தான்.

தையல்காரரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. கனத்த உடம்பு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. முன்னறையில் தையல் எந்திரம் ஓடும். மதியம் சாப்பிட்டதும் மரத்தடியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் எழுதுவதைத் தவறாமல் படித்த முதல் ஆள் அவர்தான். செல்போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, வாயை அசைத்து அசைத்துப் படிப்பார்.

"வாங்க டாக்டரே, நோயாளி காத்துக்கிட்டு இருக்கு" என்று சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுவார். அவர் மனைவி உள்ளிருந்து, "எந்த நோயாளி? மரமா, நீங்களா? அண்ணே, ரெண்டுக்கும் சேத்தே வைத்தியம் பாருங்க" என்பாள்.

மரத்தில் தண்டு துளைப்பான் விழுந்திருந்தது. பட்டையில் ஓட்டை, ஓட்டையிலிருந்து மரத்தூள். கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்து, களிமண்ணால் பூசினோம். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துப் போட்டேன். மரம் எவ்வளவு பெரியது என்று தெரியவில்லையே, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் தையல்காரர் இருந்தார். படம் எடுக்கும் நாளில் தலை சீவிக்கொள்வார். தானே தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வார்.

"மரம் ஒல்லியா தெரியணுமா? என்னைப் பக்கத்துல நிறுத்துங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாடாவால் அடிமரத்தைச் சுற்றி அளந்து, "இடுப்பு பெருத்துப் போச்சு. போன தடவ தச்சது இப்ப பத்தாது" என்பார். இதையெல்லாம் அப்படியே எழுதினேன். வாசகர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நலம் விசாரித்தார்கள். மரத்தையும் அவரையும் சேர்த்துத்தான் விசாரித்தார்கள்.

பிறகு மரம் குணமாகிவிட்டது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் தீர்ந்த மரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இலை பச்சையாக இருக்கிறது என்று எத்தனை முறை எழுதுவது? உரத்தைப் பற்றி எழுதினேன். சீண்டுவாரில்லை. கிளைகளைக் கழித்துவிடும் கவாத்தைப் பற்றி எழுதினேன். எலுமிச்சைக்காரர் கூட எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி தூக்கம் போயிற்று. மருத்துவர் மாத்திரையை முழுசாக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் குளியலறைத் தண்ணீரை வெளியே கொண்டுபோகக் குழாய் பதிக்க ஆள் கூட்டிவந்தார். எந்தப் பக்கமாகத் தோண்டுவது என்று என்னைத்தான் கேட்டார். கொத்தனார், "வீட்டச் சுத்திப் போயிடலாங்க, மரத்துக்கிட்ட வேணாம்" என்று இழுத்தார். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் தோண்டினால் குழாய் வளையாமல் நேராகப் போகும் என்றேன். அது உண்மை. வீட்டைப் பார்த்துச் சாய்ந்த மரத்தை எதிர்ப்பக்க வேர்கள்தான் இழுத்துப் பிடித்திருக்கும் என்பதும் உண்மை. அதைத் தையல்காரர் என்னிடம் கேட்கவில்லை.

"டாக்டர் சொன்னா சரிப்பா, நீ வெட்டு" என்றார் கொத்தனாரிடம். தொடையளவு வேர்கள். கோடரி போட்டார்கள்.

மழைக்குப் பிறகு உச்சிக் கிளை வாடியது. படம் போட்டேன். விலகிப் போன வாசகர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய கவலையில் ஓர் அன்பு இருந்தது. அதை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். வைத்தியம் செய்தேனா என்று கேட்கிறீர்கள். செய்தேன், ஆனால் அவசரப்படவில்லை. அடைத்திருந்த பஞ்சு ஒன்றிரண்டை எடுத்தும் பார்த்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

அடுத்த பருவத்தில் அடிமரத்தில், தரையை ஒட்டி, காளான் வந்தது. தட்டுத் தட்டாக, கெட்டியாக, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டாற்போல. வேர் உள்ளே அழுகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அன்றே ஒரு கட்டுரை எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது, இப்போதும் சொல்வேன். 'இந்தக் காளானைக் கண்டால் அந்த மரத்தடியில் யாரும் உட்காரக் கூடாது. வெட்டுகிற ஆளை அழைத்து இறக்கிவிட வேண்டும். காத்திருக்கக் கூடாது.' எளிமையாக, யாருக்கும் புரிகிற மாதிரி.

அதை வெளியிடவில்லை. சேமித்து வைத்தேன்.

காரணம் மிகச் சாதாரணம். வெளியிட்டால் தையல்காரர் படிப்பார். படித்தால் மறுநாளே வெட்டிவிடுவார். அவர் அப்படிப்பட்ட மனிதர். மரம் போனால் எல்லாம் போய்விடும்.

ஒருநாள் அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அடியில ஏதோ மொளச்சிருக்கே. நல்லதா கெட்டதா?"

"ஈரத்துக்கு வர்றதுதான்" என்றேன்.

தையல்காரர் சிரித்தார். "இவளுக்கு எதப் பாத்தாலும் பயம். ஏதாவதுன்னா டாக்டர் எழுத மாட்டாரா?"

பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கும் அப்போது தோன்றியது. அவர் மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நானும் உள்ளே போய்விட்டேன்.

சம்பவ நாளைப் பற்றிச் சொல்கிறேன். விடுமுறை நாள், மதியம். காலையிலிருந்தே காற்று. நான் மொட்டைமாடியில் இருந்தேன். மேலிருந்து பார்த்தால் மரம் முன்பைவிட நன்றாகவே சாய்ந்திருந்தது. சுவர்ப் பக்கம் மண் சற்றே உப்பி, காற்று அடிக்கும்போதெல்லாம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. அதை நான் படித்திருந்தேனே தவிர நேரில் பார்த்ததில்லை. கேமராவை எடுத்தேன். சாய்வு தெரிந்தது, ஆனால் எவ்வளவு சாய்வு என்று தெரியவில்லை.

தையல்காரர் சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி ஏற்கெனவே உள்ளே இருந்தது. அவர் மனைவி எடுத்து வைத்திருக்கிறாள்.

"என்ன டாக்டரே, காத்து பலமா இருக்கு. இன்னைக்கு வேணாமா?"

"ஒரே ஒரு படம். அளவு தெரியல" என்றேன்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமான இடத்தில் போட்டார். நான் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடச் சொன்னேன், சாய்வுக்கு நேர் கீழே. போட்டார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டார்.

அப்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி. துணி கிழிகிற சத்தம் அவருக்குத் தெரியாததா? தலையைத் திருப்பினார். கைப்பிடியை ஊன்றி எழப்போனார். நேரம் இருந்தது. கனத்த உடம்பாக இருந்தாலும், படியேறி உள்ளே போகிற அளவுக்கு நேரம் இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அசையாதீங்க" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. உங்களிடம் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அவரை வெளியே எடுக்க ஆட்கள் வந்து கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தபோதே, சேமித்து வைத்த கட்டுரையோடு சேர்த்து அதை வெளியிட்டேன். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ பேர் தங்கள் கொல்லைக்கு ஓடிப்போய் அடிமரத்தைப் பார்த்திருக்கிறார்கள். சிலர் மரத்தை இறக்கியே விட்டார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இனி பயமில்லாமல் விளையாடும். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

குழாய்க்கு வழி சொன்னது நான். காளானை மறைத்தது நான். நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னதும், எழப்போனவரை உட்கார வைத்ததும் நான். எதையும் மறுக்கவில்லை.

கட்டுரையின் கீழே தையல்காரரின் மனைவியும் எழுதியிருக்கிறாள். 'அண்ணே, இத முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?' ஒரே வரி. நீங்கள் அதைப் பெரிய குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு என் முன்னால் நீட்டுகிறீர்கள். எனக்கு அதில் கோபம் தெரியவில்லை. இத்தனை நாளும் ஒன்றையும் படிக்காதவள், இப்போது அவளும் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் தெரிகிறது.