மிதக்காத இரும்பு

— முழுகிடுங்கம்மா. இரும்புங்க அது.

— முழுகாது கோவிந்தா. வெல்லம் காய்ச்சுற கொப்பரை தான? நாலு ஆளு குந்தினாலும் மிதக்கும். எம் பொண்ணு காந்தாவுக்கு காலையிலேந்து பிள்ள வலி. அக்கரைக்குப் போனா தான் போளூரு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு. இந்த வெள்ளத்துல கொப்பரையத் தள்ளிக்கினு நீஞ்ச உன்ன வுட்டா ஆளு இல்லப்பா.

— என் கோடாலி இந்த ஆத்துல தான் வுழுந்துச்சி. கண்ண மூடித் தொறக்கசொல்ல காணோம். கையகலம் இரும்பு தாங்க அது. இது எம்மாம் பெரிசு.

— கோடாலிக்கு வவுறு கீதா? கெட்டி இரும்பு, முழுகிச்சி. இது உள்ள வெறுங்காத்து. இம்மாம் பெரிய வவுத்த வெச்சிக்கினு எம்மாந் தண்ணிய ஒதுக்குது பாரு. அந்தத் தண்ணி சும்மா இருக்குமா? திருப்பித் தூக்கும்.

— ஆளு ஏறினா?

— கொஞ்சம் எறங்கும், அவ்ளோ தான். வெளிம்பு தாண்டித் தண்ணி உள்ள வராத வரிக்கும் ஒண்ணும் ஆவாது.

— எப்பத்திலேந்துங்க இது உங்களுக்குத் தெரியும்?

— இன்னா கேள்வி இது. நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்ததே இதுல தான். பொண்ணு, மாப்ள, சீர்ப் பாத்திரம், எல்லாத்தையும் ஏத்தித் தள்ளிக்கினு வந்தாங்க. வாப்பா, நேரம் ஆவுது.

— போன ஐப்பசியிலயும் ஆறு இப்பிடித் தான் வந்துச்சி. வலி கண்ட எம் பொண்டாட்டி செல்லியம்மாளத் தூளி கட்டி மலையிலேந்து தூக்கியாந்து உங்க வாசல்ல நின்னேன்.

— கோவிந்தா...

— இரும்புப்பா, முழுகிடும், ரெண்டு உசுரு போயிடும்னு சொன்னீங்க. நம்பிட்டேன். எங்க மலையில ஏதுங்க கொப்பரை. கோடாலி முழுகறதத் தான் பாத்துகீறேன்.

— அன்னிக்கு வெள்ளம் ஜாஸ்திப்பா.

— இன்னிக்குத் தான் ஜாஸ்தி. மலைக்காரி தீட்டு வெல்லக் கொப்பரையில படக்கூடாதுன்னு தான அப்பிடிச் சொன்னீங்க?

— எம் பொண்ணு கத்துறா. உனக்குக் கேக்குதா இல்லியா?

— கேக்குது. அவளும் இப்பிடித் தான் கத்தினா, அதோ, அந்தக் கல்லு மேல. பொழுது எறங்கசொல்ல சத்தம் நின்னு போச்சி. பிள்ளயும் அவ வவுத்தோட போச்சி.

— உன் கால்ல வுழறேன்பா.

— வேணாம். காந்தாவ ஏத்து, தள்ளிக்கினு போறேன். நீ ஏறாத. நான் திரும்பி வர்ற வரிக்கும் நீ அந்தக் கல்லு மேல குந்து.