ஏழு விழுந்தா திருடன்

ரோகிணி: ...இந்தக் காட்டுல இருந்து மரம். இந்தச் செவப்பு மண்ணுல இருந்து செங்கல். ரெண்டும் சேந்தா ரோடு போடலாம்.

முத்துக்குமரன்: வீடு?

ரோகிணி: அதுக்கு மரம், செங்கல், நெல்லு... அப்புறம் ஒரு ஆடு.

முத்துக்குமரன்: வீடு கட்ட ஆடு எதுக்குங்க?

ரோகிணி: எங்க சொந்தத்துல கெடா வெட்டாம யாரு வீட்டுல பால் காய்ச்சியிருக்காங்க?

முத்துக்குமரன்: அதுவும் சரிதான். வீட்டை எங்க வேணாலும் வைக்கலாமா?

ரோகிணி: தாராளமா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கூட வைக்கலாம்.

முத்துக்குமரன்: ஒட்டியா? நடுவுல கொஞ்சம் எடம் விடணும்னு...

ரோகிணி: யாரு சொன்னா?

முத்துக்குமரன்: இல்ல... சும்மா தோணுச்சு. வச்சிருவோம், செல்லூர்ச் சந்து மாதிரி.

ஜெயக்கொடி: அடியே ரோகிணி! மாடியில இம்புட்டு நேரம் என்ன பண்றீங்க? அஞ்சு நிமிசம் பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா... மாப்ள வீட்டுக்காரங்க கெளம்பணும்ங்கிறாங்க!

ரோகிணி: வாரோம் சித்தி!

முத்துக்குமரன்: பொண்ணு பாக்க வந்த எடத்துல பெட்டியப் பிரிச்சு ஆட உக்கார வச்ச ஆளு நீங்களாத்தான் இருக்கும்.

ரோகிணி: பின்ன? வந்ததுல இருந்து ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நல்லவேள, அண்ணன் ஜெர்மனியில இருந்து இந்த போர்டு கேமை அனுப்பி வச்சான். ம்... உருட்டுங்க.

முத்துக்குமரன்: நாலும் மூணும்... ஏழு.

ரோகிணி: போச்சு! ஏழு விழுந்தா திருடன் வருவான்.

முத்துக்குமரன்: வந்து?

ரோகிணி: உங்கள மாதிரி வாடிப்பட்டிக்காரங்க கிட்ட இருந்து மட்டும் எடுத்துட்டுப் போவான்.

முத்துக்குமரன்: உங்க விளாங்குடிக்கு வரமாட்டானா?

ரோகிணி: இங்க நாய் இருக்கு.

முத்துக்குமரன்: ஹா... சரி, இந்தாங்க, என் ஆட்டுச் சீட்டு.

ரோகிணி: கோவம் வரலையா?

முத்துக்குமரன்: ஒரு ஆட்டுக்கா? எனக்கு இப்பச் செங்கல்தான் வேணும். மாத்திக்கலாம்ல? என்ன கேக்குறீங்க?

ரோகிணி: கேட்டாக் குடுப்பீங்களா?

முத்துக்குமரன்: கேட்டுத்தான் பாருங்களேன்.

ரோகிணி: ...என் வேலைய. கல்யாணத்துக்கு அப்புறம் கப்பலூர் வேலைய விட்டுரணும்னு உங்க வீட்டுல சொன்னாங்களாம்ல. தரகர் சொன்னாரு.

முத்துக்குமரன்: எங்க வீட்டுலயா? ...எங்க அம்மா சொல்லியிருக்கும். எனக்கு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுதுங்க.

ரோகிணி: இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?

முத்துக்குமரன்: நீங்க ஏங்க விடணும்? வேலைய விட்டுட்டு வர்ற பொண்ணா நான் தேடுறேன்? கீழ எறங்குனதும் அம்மாகிட்டச் சொல்லிர்றேன்.

ரோகிணி: எல்லாரு முன்னாடியுமா?

முத்துக்குமரன்: எல்லாரு முன்னாடியுந்தான்.

ரோகிணி: ...இந்தாங்க, செங்கல்.

முத்துக்குமரன்: பதிலுக்கு?

ரோகிணி: ஒண்ணும் வேணாம். சும்மா வச்சுக்கங்க.

முத்துக்குமரன்: ஆமா, எத்தனை புள்ளி எடுத்தா ஜெயிப்பு?

ரோகிணி: இருபது... இல்ல இல்ல, முப்பது.

முத்துக்குமரன்: முப்பதா! விடிஞ்சிரும்ங்க.

ரோகிணி: விடியட்டும்.

ஜெயக்கொடி: ரோகிணீ! ரெண்டாந்தரம் காப்பி குடுத்தாச்சுடி! இனி சோறுதான் ஆக்கணும்!

ரோகிணி: ஆக்குங்க சித்தி!

முத்துக்குமரன்: ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது.

ரோகிணி: என்னது?

முத்துக்குமரன்: இந்த ஆட்டம் எனக்குத் தெரியும். பெங்களூர்ல இருந்தப்ப சனி, ஞாயிறானா ரூம்ல இதுதான் ஓடும். பத்துப் புள்ளி எடுத்தாப் போதும். வீட்டை ஒட்டி வைக்கக் கூடாது. அந்தத் திருடனுக்கு விளாங்குடியும் ஒண்ணுதான், வாடிப்பட்டியும் ஒண்ணுதான்.

ரோகிணி: அடப்பாவி... அப்பவே சொல்றதுக்கென்ன?

முத்துக்குமரன்: சொல்லியிருந்தா பெட்டிய மூடியிருப்பீங்க. கீழ போயிருக்கணும். பாவம், உங்க அண்ணன்தான் உங்களுக்குச் சரியாச் சொல்லித் தரல போல.

ரோகிணி: அதெல்லாம் சரியாத்தான் சொல்லித் தந்தான்.

முத்துக்குமரன்: அப்புறம் எதுக்கு இம்புட்டையும்...?

ரோகிணி: 'இது மக்குப் பொண்ணு, வேணாம்'னு நீங்களே சொல்லிட்டுப் போயிருவீங்கன்னுதான் மொதல்ல தப்புத் தப்பாச் சொன்னேன்... முப்பதுன்னு சொன்னது மட்டும், நீங்க போயிரக் கூடாதுன்னு.