நான்காவது இணைப்பு

மாலை ஏழு மணி இருக்கும். ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு வருகிற சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. மழை விட்டுத் தவளைச் சத்தம் மட்டும். இது என் சிநேகிதனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது.

அவன் கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஆள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. எந்த மிஷின் உயிரோடு இருக்கிறது, எது படுத்துவிட்டது என்று கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. 'பிங்' என்று ஒரு கட்டளை. "இருக்கியா?" என்று கேட்பது மாதிரி. இருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் வராது.

அவன் கட்டிக்கொண்டவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் கணவன் வெள்ளத்தில் காரோடு போனவன். வீட்டில் அவன் படம்கூடக் கிடையாது. அதுதான் இவனைத் தின்றது. படம் இருந்தால் மூக்கு கோணல், காது பெரிசு என்று ஏதாவது குறை கண்டுபிடித்து ஆறியிருப்பான். செத்தவனுக்குத் தொப்பை விழுவதில்லை, குறட்டை வருவதில்லை. அவள் தனியாகச் சிரித்தால் இவனுக்கு வயிறு எரியும். முதல்வனுக்குப் போட்ட பழக்கத்தில், இவன் காபியிலும் அவள் கை தானாகச் சர்க்கரையைப் போட்டுவிடும். "அய்யோ, உங்களுக்கு வேண்டாம்ல" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது.

அதில் வந்தது ஒரு கெட்ட பழக்கம். வேலை முடிந்து வரும்போது அந்தச் சாலையில் காரை ஓரங்கட்டி, லேப்டாப்பைத் திறந்து, போன் இணையம் வழியாக வீட்டு வைஃபையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பான். தினமும் மூன்றுதான். அவள் போன், டிவி, பிரிண்டர். பார்த்துவிட்டு நிம்மதியாக வண்டியை எடுப்பான்.

அன்றைக்கு நான்கு.

நான்காவதன் பெயர் 'சிட்டு'. பிங் அடித்தான். பதில் வந்தது. மறுபடி அடித்தான்... மறுபடி பதில்.

வீட்டுக்குப் பறந்தான். அவள் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்திருக்கா?"

"யாருமில்லையே. ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

அந்த மிஷினின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பைக் கையில் ஏந்தி அறை அறையாக நடந்தான். கூடத்தில் மங்கல். நடையில் கொஞ்சம் கூடியது. படுக்கையறையில்... ஏறிக்கொண்டே போனது. கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் வந்ததும் உச்சம். அலமாரியைத் திறந்தான். கட்டிலுக்கடியில் குனிந்தான். ஒரு பெட்டி, ஒரு ஜோடி செருப்பு. வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வாடை... சேற்றில் ஊறிக் காயாத துணி வாடை.

"சிட்டுன்னா யாரு?" என்று கத்தினான்.

கையில் துணியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அவரு என்னைக் கூப்பிடற பேரு. அவரோட லேப்டாப்புக்கும் அதையே வச்சிருந்தாரு. அது அவரோடவே தண்ணியில போச்சே..."

கூப்பிட்ட பேர் என்று சொல்லவில்லை. கூப்பிடற பேர்.

பயப்படுவாள் என்று பார்த்தான். இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையணையைத் தடவினாள். கல்யாணத்தன்றுகூட இவன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அவ்வளவுதான். பேய் பயமெல்லாம் எங்கே போனதோ, பொறாமை மட்டும் மிச்சம். நின்ற இடத்திலேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்றப் போனான்.

"வேண்டாங்க... அவரு எங்க போவாரு?"

"எங்கயோ போய்த் தொலையட்டும்."

மாற்றினான். மற்ற மூன்றுக்கும் புதியதைப் போட்டான். பிங் அடித்தான். பதில் இல்லை. வாடையும் நின்றுவிட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து விசும்பிக்கொண்டிருந்தாள். இவன் ஜெயித்தவன் மாதிரி அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

மறுநாள் அதே சாலை. காரை நிறுத்தி, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை இணைத்தான். வீட்டில் மூன்று. தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். போனை அணைக்கப் போனபோதுதான் பார்த்தான். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்திருப்பவை, இரண்டு. ஒன்று இவன் லேப்டாப். இன்னொன்று...

பிங் அடித்தான். கேட்டு முடிப்பதற்குள் பதில். சிக்னல் முழுசாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அப்படி இருக்கும்.

பின்சீட்டு... கிறீச் என்றது. அந்த வாடை. ரப்பர் விரிப்பில் சொட்... சொட்...

திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தான். வீடு போய்ச் சேரும்வரை பிடரியில் ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தது.

வாசலில் அவள் நின்றிருந்தாள். இவனுக்காக ஒருநாளும் வாசலுக்கு வந்து நின்றவள் இல்லை. தலைவாரி, நல்ல துணி உடுத்தி... நேரே காரிடம் வந்தாள். இவன் பக்கக் கதவுக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்து, ஓர் ஆள் இறங்க இடம்விட்டு ஒதுங்கி நின்றாள்.

"பாத்து இறங்குங்க..."

பாரம் இறங்கியதுபோல் காரின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். படியேறப் போனவள், அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இவன் பக்கம் திரும்பினாள்.

"அட... நீங்களும் வந்துட்டீங்களா?"