கிளீனருக்கு இரண்டு மாத்திரை

— ரெண்டு பேரும் நாய்கிட்டயே பேசிட்டிருந்தா நான் யார்கிட்டங்க கேக்கறது? நானும் நாயைத்தான் கேக்கணுமா?

— மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா, பழகிப்போச்சு. டேய் கிளீனர், உன் காலைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லு அவனை. டாக்டரம்மா ஊசி குத்தணும்ல.

— பிடிச்சிட்டுதான் இருக்கேன்னு சொல்லு கிளீனர். வேன்ல உக்காந்து உக்காந்து கண்ணும் மங்கிடுச்சான்னு கேளு.

— பொறுங்க, பொறுங்க. இவன் பேரு கிளீனரா?

— ஆமா மேடம். எங்கப்பா லாரி ஓட்டினார். கூட வேலைக்கு வர்ற கிளீனர் எவனும் ஒரு மாசம் தாங்க மாட்டான், அவர் வாய் அப்படி. கடைசியில இவனைத் தூக்கிப் பக்கத்து சீட்ல வச்சுக்கிட்டார். இவன் ஒருத்தன்தான் எதிர்த்துப் பேசாம பத்து வருஷம் வேலை பார்த்தான்.

— ஒன்பது வருஷம்னு சொல்லு கிளீனர்.

— நீங்க அக்கா, இவர் தம்பி. சரியா?

— கூடப் பிறந்தாச்சு டாக்டரம்மா, என்ன பண்றது.

— எத்தனை நாளா இப்படி, நேருக்கு நேர் பேசாம?

— பதினாலு மாசம். அப்பா போனதுல இருந்து.

— பேசாதவங்க எப்படிங்க ஒரே வேன்ல நாடு சுத்தறீங்க?

— நான் சுத்தலை மேடம், ஓடறேன். எனக்கு ஓடறது ஒண்ணுதான் தெரியும். அப்பா லாரி ஓட்டின ரோடு நாட்டோட அந்தக் கோடியில ஆரம்பிச்சு இந்தக் கோடி கடல்ல போய் முடியுது. அதை ஒரு தடவை முழுசா ஓடிடணும்னு தோணிச்சு. இவன் இல்லாம அந்த ரோட்ல ஓட மனசு வரலை. இவனுக்கு இதயம் வீங்கியிருக்கு, நடந்தா மூச்சு வாங்கும். அதான் மூணு சக்கர வண்டி ஒண்ணு பண்ணி, அதுல உக்கார வச்சுத் தள்ளிட்டே ஓடறேன். வெயில் ஏறினதும் வேன்ல ஏத்திடுவேன்.

— வேனை ஓட்டறது அக்காவா?

— சீக்கு நாயை இவனை நம்பி எப்படி அனுப்பறது? நாய்க்காகத்தான் வந்தேன், வேற யாருக்காகவும் இல்ல. சொல்லிடு கிளீனர்.

— அவன் ஒண்ணும் சொல்ற நிலைமையில இல்லம்மா. கிளம்பி எத்தனை நாளாச்சு?

— முப்பத்தாறு. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிட்டோம்.

— எப்பத்துல இருந்து சாப்பிடலை?

— மூணு நாளா எதையும் மோந்துகூடப் பாக்கலை டாக்டரம்மா. நேத்து மத்தியானத்துல இருந்து எழுந்திருக்கவே இல்ல.

— தண்ணி?

— அது நல்லாத்தான் குடிச்சிட்டிருந்தான் மேடம், வாளி வாளியா. அதே மாதிரி ஒன்னுக்கும் போவான். ஒரு மைல்கல்லை விட மாட்டான். முனகி முனகி வண்டியை நிறுத்த வச்சு, இறங்கி, காலைத் தூக்குவான். அப்பா ரோட்டை அடையாளம் கண்டுகிட்டான்னு நினைச்சேன். எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஃபோன்ல படம்கூட எடுத்து வச்சிருக்கேன்.

— இங்க பாருங்க. தோலை இழுத்து விட்டா திரும்பிப் போகாம அப்படியே நிக்குது. உடம்புல தண்ணியே இல்ல. நுரையீரல்ல நீர் சேரக்கூடாதுன்னு ஒரு மாத்திரை குடுத்திருப்பாங்களே, ஒன்னுக்கு நிறையப் போக வைக்குமே. அது ஒரு நாளைக்கு எத்தனை?

— ஒண்ணு மேடம்.

— ஒண்ணுதான் டாக்டரம்மா. ஒரு நாள் தவறினதில்ல.

— யார் குடுக்கறது?

— நான்தான்.

— நான்தான் டாக்டரம்மா.

— பொறுங்க. ஒருத்தர் ஒருத்தரா. தம்பி, நீங்க எப்பக் குடுப்பீங்க?

— காலையில அஞ்சு மணிக்கு, ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. முட்டை மஞ்சள் கருவுல வச்சு, சாப்பிடாத இந்த மூணு நாளா கரைச்சு வாயில ஊத்தி. இவங்க அப்ப வேன்ல தூங்கிட்டிருப்பாங்க.

— நீங்கம்மா?

— பத்து மணிக்கு, கிளீனர் என் கைக்கு வந்ததும். ரொட்டியில சுருட்டி, மூணு நாளா வாயைத் திறந்து உள்ள தள்ளி. இவன் அப்ப எங்கயாவது தண்ணியைத் தேடிக் குளிக்கப் போயிருப்பான்.

— மாத்திரை சீக்கிரம் தீருதேன்னு யாருக்கும் தோணலையா?

— மருந்துச் சீட்டோட படம் என் ஃபோன்லயும் இருக்கு மேடம். நான் வாங்கி என் இடுப்புப் பையில வச்சிருப்பேன்.

— நான் வாங்கி வேன் டப்பாவுல வச்சிருப்பேன். அவன் எதையும் மறந்துடுவான், சின்ன வயசுல இருந்தே அப்படி. அதான் நானே பார்த்துக்கலாம்னு.

— முப்பத்தாறு நாளும்?

— முப்பத்தாறு நாளும்.

— மாத்திரை குடுத்தாச்சான்னு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கலையா?

— கேட்டேனே டாக்டரம்மா. தினம் கேட்டேன். 'மாத்திரை போட்டாச்சாடா கண்ணா'ன்னு இவனைத்தான் கேப்பேன். இவன் வாலை ஆட்டுவான்.

— எனக்கும் காதுல விழுந்தது மேடம். நாயைக் கொஞ்சறாங்கன்னு நினைச்சேன்.

— சரி. அழாதீங்கம்மா, அழுதா எனக்கு வேலை ஓடாது. சிறுநீரகம் நல்லா அடி வாங்கியிருக்கு. ட்ரிப்ஸ் போட்டிருக்கேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒன்னுக்குப் போனான்னா பிழைச்சுப்பான். போகலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். நான் ரத்தத்தை மெஷின்ல வச்சுட்டு வர்றேன். ஒருத்தர் ஊசி இருக்கற காலைப் பிடிச்சுக்கங்க, ஒருத்தர் சொட்டு நிக்குதான்னு பாருங்க. இதுக்கு நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆகணும். இவனால இனிமே தூது போக முடியாது.

— சொட்டு விழுதா?

— யாரைக் கேக்கறே?

— உன்னைத்தான்.

— விழுது.

— கால் ஜில்லுனு இருக்குக்கா.

— இந்தா, இந்தத் துண்டைச் சுத்து. ஊசி மேல படாம. மெதுவா.

— நான்தான் இவனை இப்படிப் பண்ணிட்டேன். வாயைத் திறந்து உன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா இவன் இந்நேரம் வண்டியில நிமிந்து உக்காந்து வந்திருப்பான்.

— நானும்தானேடா வாயை மூடிட்டு வந்தேன்.

— ஆரம்பிச்சது நான். அப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி உன்னைக் கேட்டேன்ல, ஏன் எனக்குச் சொல்லலைன்னு. 'அப்பாதான் வேண்டாம்னார், அவன் ஆறு நாள் ஓட்டப் போட்டியில இருக்கான், ஓட்டத்தை முடிக்கட்டும்னார்'னு சொன்னே. அவர் சொன்னா நீ கேட்டுடுவியா, உனக்கு அறிவு எங்க போச்சுன்னு கத்தினேன்.

— அதை எதுக்கு இப்ப கிளறிட்டு. விடு.

— இல்லக்கா, சொல்லிடறேன். இருபதாம் நாள் அந்த மலை ஏத்தம் வந்ததே, ஞாபகம் இருக்கா? கால் ரெண்டும் செத்துப்போச்சு. திரும்பிடலாம்னு ரோட்டோரமா உக்காந்துட்டேன். அப்பதான் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. வாழ்நாள் பூரா 'ஓடி என்னத்தைக் கிழிக்கப் போறே'ன்னு திட்டின மனுஷன், சாகக் கிடக்கறப்போ ஓட்டத்தை முடிக்கட்டும்னு சொல்லியிருக்கார். என்னைப் பாக்கணும்னு எவ்ளோ ஆசை இருந்திருக்கும் அவருக்கு. அதையும் அடக்கிட்டு. அந்த வார்த்தையைப் பிடிச்சுட்டுதான் மலை ஏறினேன். இன்னி வரைக்கும் அதைப் பிடிச்சுட்டுதான் ஓடறேன். அதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தவ நீ. உன்னைத்தான் பதினாலு மாசமா முறைச்சுட்டுத் திரிஞ்சிருக்கேன். மன்னிச்சுடுக்கா.

— மன்னிப்பெல்லாம் கேக்காதே.

— கேக்கணும்ல.

— கேக்காதேன்னா கேக்காதே. நான் ஒண்ணு சொல்லணும். காலை மட்டும் விட்டுடாதே.

— விடலை, சொல்லு.

— அப்பா படுத்த நாலு வருஷமும் அவரைக் குளிப்பாட்டினது நான், துணி மாத்தினது நான். நீ வருஷத்துக்கு ஒரு தடவை பதக்கத்தை மாட்டிட்டு வந்து நிப்பே. நீ வர்றேன்னு தெரிஞ்சா முதல் நாளே சவரம் பண்ணிவிடுன்னு கேப்பார். அதையும் நான்தான் பண்ணிவிடுவேன்.

— நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லக்கா.

— குறுக்கே பேசாதே, அப்புறம் எனக்கு வராது. கடைசியா ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ, முன்னாடி ரெண்டு தடவை மாதிரி இதுவும் சரியாகி வீட்டுக்கு வந்துடுவார்னுதான் நினைச்சேன். இந்தத் தடவையாவது நான் மட்டும் பக்கத்துல இருந்துட்டுப் போறேனேன்னு இருந்துட்டேன். மூணு நாள்தான் இருந்தார்.

— நீ ஏன் இப்படிக் குமையறே? அப்பாவே வேண்டாம்னுட்டார், நீ என்ன பண்ணுவே?

— அப்பா வேண்டாம்னு சொல்லலைடா. அவனுக்கு ஃபோன் போட்டியா, ஃபோன் போட்டியான்னு மூணு நாளும் கேட்டுட்டே இருந்தார். போட்டுட்டேன்ப்பா, கிளம்பிட்டான், வந்துட்டே இருக்கான்னு நான் சொல்லிட்டே இருந்தேன்.