ஐம்பத்தேழு மீற்றர்

இல்லண்ணா, ரயருக்கு இன்னும் காத்து அடிங்க. விரலால அமத்தினா அமுங்கப்படா. வெடிக்காது, நான் சொல்றன்தானே.

ஓம், போன வருசம் காத்தக் குறைக்கச் சொல்லி உங்கட கடைக்கி வாறது நான்தான். களுதாவளையில எங்கட வாவிக்கர றோட்டு முழுக்க மணல். ரயர் இறுக்கமா இரிந்தாப் புதையும். இப்ப தார் றோட்டால தையல் பெக்டரிக்குப் போறன்.

ஓட்டமா? உட்டுட்டன். காலுக்கு ஒண்டுமில்ல, எல்லாம் இந்தக் காத்தாலதான். சிரிக்காமக் கேளுங்க.

மூவாயிரம் மீற்றரப் பதினொண்டரை நிமிசத்துக்குள்ள ஓடினா டவுண் பள்ளிக்கூடத்துல ஹொஸ்டலோட எடுப்பம் எண்டாங்க. எங்கட பள்ளிக்கூட மைதானத்துல மாடு திரும்பவும் இடமில்ல. அதால சைக்கிளாலதான் றோட்ட அளந்தன். ஊட்டுச் சீமெந்துத் தரையில, நல்லாக் காத்தடிச்சு, ஒரு சுத்து உருட்டிப் பாத்தன். ரெண்டு மீற்றரும் பத்துச் சென்ரிமீற்றரும். அப்ப மூவாயிரத்துக்கு ஆயிரத்தி நானூத்தி இருபத்தெட்டரைச் சுத்து. சில்லுக் கம்பியில சிவப்புச் சீலத்துண்டு கட்டி, தங்கச்சி நிருஷாவப் பின்னுக்கு ஏத்தி எண்ண வெச்சன். முடிஞ்ச இடத்துல மதகுல பெயின்ற் அடிச்சம்.

மணலுக்கெண்டு காத்தக் குறைச்சுட்டுத்தானே உழக்கினன். ரெண்டு பேர்ர பாரம் வேற. ரயர் சப்பளிஞ்சாச் சில்லு சின்னனான மாதிரித்தான். சுத்துக்கு நாலு சென்ரிமீற்றர் குறையிது. மொத்தம் ஐம்பத்தேழு மீற்றர். அப்ப ஆருக்குத் தெரியும்.

ஆறு மாசம் ஓடினன். பதினொண்டு இருபத்தஞ்சு வந்திச்சு. அந்த நம்பிக்கையில ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஏ.எல். படிக்கிறதுக்குப் போமும் நிரப்பல்ல. போட்டியில பதினொண்டு முப்பத்தெட்டு. எட்டுச் செக்கன் பிந்திட்டன். நீ பயந்துட்டாய் எண்டார் ஓட்டம் பழக்கின சேர். பயமா? எப்பயும் ஓடுற வேகத்துலதான் ஓடினன். பிறகு, பின்னுக்கு அரிசி மூட்டையக் கட்டி, மணல்ல பத்துச் சுத்து உழக்கி அளவு நாடா புடிச்சாப் பிறகுதான் வெளங்கிச்சு.

காணும், காணும். இனி அடிச்சா வெடிக்கும்தான்.

அந்தப் பெயின்றா? அழிக்கல்லண்ணா. நிருஷா இப்ப அதுலதான் ஓடுறாள். அடுத்த மாசம் அவளுக்குப் போட்டி, அதே பதினொண்டரைதான். தூரம் குறையிறத அவளுக்குச் சொல்லல்ல. சொன்னா மட்டும் ஒரு மாசத்துல நேரத்தக் குறைச்சுருவாளா? நேத்துப் பதினொண்டு இருபத்திரெண்டு. அம்மா முட்ட பொரிச்சுக் குடுத்தா. நானும், எடுபட்டுருவாய்டி எண்டுதான் சொன்னன்.