றெக்கைத் துணி

—நாளைக்கு மேடையில என் பேரைச் சொல்லாதே அகிலா.

—இதைச் சொல்லவா நகரியிலேர்ந்து திருப்பதிக்கு ரயிலேறி வந்தே? அமெரிக்காக்காரங்க வராங்கண்ணா. ‘இந்தக் கருவிக்கு றெக்கைத் துணி நெய்ஞ்சது எங்க அண்ணன் தமிழ்வேந்தன்’னு சொல்லுவேன். வெட்கமா?

—கருவியாம். மூக்குத்தி அளவுதான் இருக்குது.

—அந்த மூக்குத்தி காத்துல பறந்து போயி, தோப்புல விழுந்து, மண்ணுல ஈரம் எவ்ளோன்னு ரேடியோவுல சொல்லும். பேட்டரி கெடையாது, வெயிலே போதும். வேலை முடிஞ்சா மக்கிடும்.

—எல்லாமேவா?

—கடுகளவு சிப்பு ஒண்ணு நிக்கும். மத்ததெல்லாம் காகிதம், கஞ்சிப் பசை, உன் பருத்தித் துணி...

—பறக்கும்னு மட்டும் சொல்லேன். மக்கும்ன்றதை வுட்டுடு.

—யாவாரத்துல மாதிரி பாதி வெலைக்குப் பேரம் பேசறியா? மக்கும்ன்றதுக்குத்தான் என்னை அங்க கூப்புடறாங்க. விசாவே அதுலதான் இருக்குது.

—குடிபாலாவுல, கன்னையா மாமா மாந்தோப்புல வுட்டியே...

—அது போன வருசம்.

—நேத்து சித்தூர்ல சரக்கு போட்டுட்டு அந்தப் பக்கம் போனேன். உன் றெக்கைங்க வெள்ளை வெள்ளையா கெடக்குது. ஒரு மழைக்காலம் பூரா நனைஞ்சும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி.

—நீ எதுக்குண்ணா அங்கல்லாம் போனே?

—அது பருத்தியில்ல அகிலா. பாலியஸ்டர். கடைக்காரங்ககிட்ட ‘சுத்தமான பருத்தி’ன்னு சொல்லிக்கினு விக்கற அதே சரக்கு. வாய் பழகிப்போச்சு... கூடப் பொறந்தவகிட்டயும் அதையே சொல்லிட்டேன்.

—சோறு துன்னியாண்ணா?

—என்னைத் திட்டு அகிலா.

—துன்னியா இல்லியா?

—எப்படிம்மா எறங்கும்? நாளைக்கு என்னைக் காட்டிக்குடு. அண்ணன் ஏமாத்திட்டான்னு சொல்லு. உன் மானமாவது நிக்கட்டும்.

—நம்ம வூட்டுக்கு நூலு வந்தா மொதல்ல என்ன பண்ணுவோம்?

—ஒரு இழையைக் கொளுத்திப் பாப்போம். பருத்தின்னா சாம்பலாவும். பாலியஸ்டர்னா உருகி, மணி மாதிரி உருண்டுக்கும். ஏன்... இப்ப எதுக்கு அது?

—நீ துணி குடுத்த அன்னிக்கே கொளுத்திப் பாத்துட்டேண்ணா... உருண்டுக்கிச்சு. நெசமான பருத்தி பனியில நனைஞ்சு எழும்பவே இல்ல, உன்னுதுதான் பறந்துச்சு. அதான் வாயைத் தெறக்கல. நாளைக்கு யாராச்சும் கண்டுபுடிச்சா ‘அண்ணன் பருத்தின்னுதான் குடுத்தாரு’ன்னு சொல்லிக்கலாம்னுதான்... உன் பேரைச் சொல்றேன்னேன்.