மந்திரவாதிக்கும் ஷிப்ட் உண்டு

பிள்ளைகளே, காலையில் பெங்களூர் ரயிலில் காதில் விழுந்ததை எழுதுகிறேன். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏறிய ஓர் இளம் கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"இந்த ஞாயித்துக்கெழம நான் செத்துடறேன்" என்றான் அவன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான், அது வீட்டில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு என்று புரிந்தது. கதையை நடத்துகிறவள் மனைவி. அவன் அதில் வாள்வீரன்; சாகப்போவதும் அந்த வீரன்தான். அவளுடைய தங்கை மந்திரவாதி.

"இன்னாங்க கோவம்?"

"நான் வாள உருவறதுக்குள்ள உன் தங்கச்சி எல்லாரையும் எரிச்சுடறா. நான் இன்னாத்துக்கு, மூட்ட தூக்கவா?"

"அவளுக்கு ஒரு நாளைக்கு மூணு மந்திரந்தானே?"

"ஒவ்வொரு சண்ட முடிஞ்சதும் நீதான் தூங்க வுடறியே. எழுந்தா மறுபடி மூணு."

அவள் தலையில் தட்டிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான். மைன்ல எறங்கினவங்க நெனச்சப்பல்லாம் மேல வந்து தூங்கினாங்களா? ஷிப்ட் முடிஞ்சாத்தான் அந்தக் கூண்டு லிப்ட்ல, கேஜ்ல, ஏறி வருவாங்க. இனிமே நம்ம கதையும் அப்டித்தான். குகைக்குள்ள போயிட்டா, வேல முடியற வரைக்கும் தூக்கமில்ல."

"நடுவுல மந்திரம் தீந்துட்டா அவ இன்னா பண்ணுவா?"

"உங்க முதுகுக்குப் பின்னால வந்து நிப்பா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பங்காருப்பேட்டை வந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"கேடயம் ஒண்ணு வேணும். ரெண்டு பேர் மறையற மாதிரி, பெருசா."